கடை கேமரா யாரோடு பேசுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கடையில் நாலு கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்றும் மாட்டினோம். போனில் பார்க்கும் வசதி வேண்டாம், கல்லாவில் இருக்கும் பில் கம்ப்யூட்டரில் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் மாட்டினேன். "எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் சார் இருக்கும், வெளியே போகாது" என்று மாட்டிய பையனும் சொன்னான்.

பொங்கலுக்கு வந்த அக்கா மகன், நெட்வொர்க் வேலை பார்ப்பவன், கடையில் நெட் இழுக்கிறதே என்று நான் புலம்பியதைக் கேட்டு ரவுட்டரைத் திறந்து பார்த்தான். நெட் இழுத்ததற்குக் காரணம் எலி கடித்த வயர், அது வேறு கதை. ஆனால் கடையிலேயே அதிகம் வெளியே பேசிக்கொண்டிருந்தது எங்கள் டிவிஆர்தான், ஆள் இல்லாத ராத்திரியிலும் விடாமல் ஏதோ வெளிநாட்டு முகவரிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் ஒன்று நேரம் கேட்பதற்கு, அது தேவைதான், இல்லாவிட்டால் பதிவில் தேதி தப்பாக விழும், நாளைக்குத் திருட்டு என்று போலீஸிடம் போனால் உதவாது. மற்றது 'பி டூ பி' என்ற வசதிக்காம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தவுடன் எந்த ஊரிலிருந்தும் படம் தெரிய வேண்டுமென்றால், பெட்டி அந்தக் கம்பெனியின் சர்வரிடம் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நான் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத வசதி, பெட்டி வரும்போதே ஆன் செய்து வந்திருக்கிறது. மெனுவில் அணைத்தோம், அப்புறமும் ஒரு முகவரிக்குப் போவது நிற்கவில்லை. கடைசியில் நேரத்தை மட்டும் விட்டுவிட்டு, டிவிஆர் வெளியே போகும் வழியை ரவுட்டரிலேயே அடைத்தான். பதிவும் ஓடுகிறது, கல்லாவில் படமும் தெரிகிறது. அப்படியானால் அந்தப் பேச்சு எதற்கு?

திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் செய்தார்கள் என்கிறேன். படமெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும் என்று விளம்பரம் செய்த யூஃபி கேமராக்கள், போனுக்கு அறிவிப்பு அனுப்ப முகப்படங்களை வெளி சர்வரில் ஏற்றியது 2022 நவம்பரில் ஒருவர் சோதித்துச் சொன்ன பிறகுதானே தெரிந்தது? வெளியே திறந்து கிடக்கும் பெட்டி நமக்கு மட்டும் தொல்லை இல்லை. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு முடங்கிப்போனதே, அந்த இணையத் தாக்குதலுக்கு ஹேக்கர்கள் படையாகத் திரட்டியதில் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும் ஏராளம்.

2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது புதிதாக விற்பதற்கு. ஏற்கெனவே மாட்டியிருப்பதை யார் பார்ப்பது? எந்தெந்த முகவரிக்கு, எதற்காகப் போகிறது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடிக்கச் சொல்லலாம், மாட்டிக் கொடுப்பவர் பி டூ பி வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஆன் செய்யலாம்.

எங்கள் தெருவில் மூன்று கடைகளில் விசாரித்தேன். மூன்றிலும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டுதான். ஒருவர் மறந்துவிடும் என்று அதைச் சீட்டில் எழுதி டிவிஆர் மேலேயே ஒட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
பாத்திரக்கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்