நாற்பதாயிரம் பேருக்கு ஒரு எம்.பி.: நெனெத்ஸ் தொகுதியை நாம் ஏன் கவனிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொகுதி மறுவரையறை பற்றி உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து வரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். எல்லாரும் போடுவது ஒரே கணக்குத்தான். வடக்கே எத்தனை கூடும், தமிழ்நாட்டுக்கு 39 நிற்குமா, குறையுமா என்பதுதான் பேச்சு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. 1962-ல் 41 ஆக இருந்த நம் எம்.பி. எண்ணிக்கை 1967-ல் 39 ஆனது, அப்புறம் 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்ததால்தான் இன்றுவரை அது நிற்கிறது. ஆனால் தலைக்கு இத்தனை என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், தொகுதி என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்பதே பேச்சிலிருந்து கழன்றுபோகும். அதற்கு ரஷ்யாவில் ஒரு தொகுதியின் கதை நல்ல பாடம், அதனால் எழுதுகிறேன்.

ரஷ்யா எதற்கு என்று கேட்பீர்கள். நான் வள்ளியூர்க்காரன். கூடங்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம் எங்கள் ராதாபுரம் பக்கத்தையே மாற்றிவிட்டது. செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் ரஷ்யர்கள் எத்தனையோ வருஷமாக இருக்கிறார்கள், குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. கடைத்தெருவில் தக்காளி எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கடைக்காரரும் ரஷ்ய மொழியிலேயே விலை சொல்லுவார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், அங்கே அவர்களுக்கு யார் எம்.பி. என்று நாம் கேட்டதே இல்லை. நம் பத்திரிகைகளிலும் ரஷ்யத் தேர்தல் என்றால் அதிபர் படம் ஒன்று, சதவீதம் ஒன்று, அத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த நாட்டில் 225 தொகுதிகள் இருக்கின்றன, வெளிநாட்டில் இருக்கும் ரஷ்யர் போடுகிற ஓட்டுகூட உள்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதிக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது என்பதை எங்கேயும் பார்க்க முடிவதில்லை.

நான் சொல்ல வந்தது நெனெத்ஸ் தன்னாட்சி வட்டாரம் பற்றி. ரஷ்யாவின் வட ஓரம், ஆர்க்டிக் கடற்கரை. தலைநகர் நார்யன்-மார், பெச்சோரா ஆற்றங்கரையில் இருக்கிறது. பரப்பளவு 1 லட்சத்து 76 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது நம் தமிழ்நாடு முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஜனத்தொகையோ 40 ஆயிரத்துச் சொச்சம், அதில் ஓட்டு உள்ளவர்கள் 30 ஆயிரத்துச் சொச்சம். கலைமான் மேய்க்கும் நெனெத்ஸ் மக்களின் பெயரில் 1929-ல் உண்டாக்கிய வட்டாரம் இது. மேய்ச்சல் குடும்பங்கள் மந்தையோடு போய்க்கொண்டே இருப்பதால் தேர்தல் அதிகாரிகள் ஹெலிகாப்டரில் பெட்டியை ஏற்றிக்கொண்டு, தேர்தல் நாளுக்கு முன்னாலேயே அவர்கள் கூடாரம் அடித்திருக்கும் இடத்துக்குப் போய் ஓட்டு வாங்கி வருகிறார்கள்.

சோவியத் காலத்திலேயே, அந்த நாடாளுமன்றத்தின் ஓர் அவையான தேசிய இனங்களின் அவையில் இதற்கென்று ஒரு பிரதிநிதி உண்டு. சோவியத் உடைந்த பிறகு 1993 டிசம்பர் 12-ல் டூமாவுக்கு, அதாவது ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவைக்கு, முதல் தேர்தல் நடந்தது. மொத்தம் 450 இடம். பாதி, நம்மூர் போல அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிற நேரடித் தொகுதி, மீதிப் பாதி கட்சிப் பட்டியல், அதாவது ஆளுக்கு இல்லாமல் கட்சிக்கு ஓட்டுப் போட்டு, அந்த விகிதப்படி கட்சிகளுக்கு இடம் பிரிக்கிற முறை. அப்போதே ஒரு விதி வைத்தார்கள்: எவ்வளவு சிறிய மாநிலமானாலும் வட்டாரமானாலும் குறைந்தது ஒரு தொகுதி உண்டு. மற்ற இடங்களில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 5 லட்சம் வாக்காளர்கள் வரை இருக்கும்போது நெனெத்ஸுக்கு 30 ஆயிரத்துச் சொச்சத்துக்கே ஒரு உறுப்பினர். அங்கே ஒரு ஓட்டுக்கு ஏறக்குறைய பதினைந்து மடங்கு எடை. இது நியாயமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நியாயம்தான் என்பது என் வாதம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

அந்தத் தொகுதியில் 1993-லிருந்து ஜெயித்தவர் ஆர்தூர் சிலிங்காரவ். 1985-ல் மிகயீல் சோமவ் என்ற ஆய்வுக் கப்பல் அண்டார்டிகா பனியில் சிக்கிக்கொண்டபோது, பனி உடைக்கும் கப்பலில் போய் அதை மீட்கத் தலைமை தாங்கியவர். அதற்காக சோவியத் நாயகர் பட்டம் வாங்கினார். 2007 ஆகஸ்டில் வட துருவத்துக்கு நேர் கீழே, 4 ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழத்தில், மீர்-1 என்ற நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கிக் கடல் தரையில் டைட்டேனியத்தால் செய்த ரஷ்யக் கொடியை ஊன்றினாரே, அந்தக் குழுவின் தலைவரும் இவர்தான். லெனின்கிராடில் பிறந்தவர், நெனெத்ஸ்காரர் இல்லை. ஆனாலும் 1993, 1995, 1999, 2003 என்று நான்கு முறையும் அந்தச் சின்னத் தொகுதி அவரையே அனுப்பியது, டூமாவின் துணைத் தலைவராகவும் இருந்தார். பெரிய தொகுதியில் ஒருவர் போஸ்டரில்தான் தெரிவார், 30 ஆயிரம் ஓட்டுள்ள இடத்தில் ஆளைத் தெரிந்துதான் போடுவார்கள்.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. லட்சத்தீவு மக்களவைத் தொகுதியில் இன்றும் வாக்காளர்கள் 60 ஆயிரத்தைத் தொடவில்லை. அங்கே பி.எம். சயீத் 1967 முதல் 1999 வரை தொடர்ந்து பத்துத் தேர்தலில் ஜெயித்தார், 2004-ல் 71 ஓட்டில் தோற்றார். அந்த 71-ஐ நான் முக்கியமாக நினைக்கிறேன். பத்து முறை தூக்கி வைத்தவரை அதே மக்கள் இறக்கிவிடவும் முடிந்தது. எங்கள் ராதாபுரத்தில் 2016 சட்டமன்றத் தேர்தலில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019-ல் மறு எண்ணிக்கை நடந்து, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டு, அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. தபால் ஓட்டுச் சான்றொப்பத்துக்காக ஊரே சட்டம் பேசிய காலம் அது. கட்சிப் பட்டியலுக்குப் போடுகிற தேர்தலில் 49 ஓட்டை யார் தேடிப் போவார்கள்?

அந்தப் பட்டியல் முறைக்குத்தான் ரஷ்யா முழுசாக மாறியது. 1995 தேர்தலில் பட்டியலில் 43 கட்சிகள் நின்று, இடம் பெறக் குறைந்தது 5 சதவீத ஓட்டு வேண்டும் என்ற வரம்பைத் தாண்டியவை நான்குதான், போட்ட ஓட்டில் பாதிக்குப் பிரதிநிதியே இல்லாமல் போயிற்று. அப்படியும் 2005-ல் வந்த சட்டம் நேரடித் தொகுதிகளை அடியோடு எடுத்துவிட்டு, பட்டியல் வரம்பை 7 சதவீதமாகவும் உயர்த்தியது. அடுத்த வருஷம் "எல்லாருக்கும் எதிராக" என்ற கட்டமும் வாக்குச்சீட்டிலிருந்து போய்விட்டது. அது நம் நோட்டா போலத் தெரியும், ஆனால் பலம் அதிகம். நம் ஊரில் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் அடுத்தவர் ஜெயித்ததாக அறிவித்துவிடுவார்கள். அங்கே அந்தக் கட்டம் முதலிடம் வந்தால் தேர்தலே செல்லாது. 1999-ல் எட்டுத் தொகுதிகளிலும் 2003-ல் மூன்று தொகுதிகளிலும் அப்படி ஆகி, ஆள் இல்லாமல் நின்றன. நிற்கிறவன் எவனும் வேண்டாம் என்று ஒரு தொகுதி மக்கள் சொன்னால் அதற்கு மரியாதை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

2007, 2011 இரண்டு தேர்தலிலும் நெனெத்ஸ் தொகுதி என்று ஒன்று இல்லை. மற்ற 224-ம் இல்லை. 2011 தேர்தலுக்குப் பிறகு மாஸ்கோவில் பெரிய போராட்டங்கள் நடந்தன, 2014-ல் சட்டத்தை மாற்றிப் பழையபடி பாதிக்குப் பாதி என்று கொண்டுவந்தார்கள். 2016-ல் 225 நேரடித் தொகுதியில் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சி 203 பிடித்தது, பட்டியல் ஓட்டில் அது வாங்கியது 54 சதவீதம்தான். ஆக, நேரடித் தொகுதி இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிளவுபட்ட எதிர்க்கட்சிகளும் ஒரே பலமான கட்சியும் இருக்கிற இடத்தில் இந்த முறை எவ்வளவு சாய்க்கும் என்பது நமக்கும் தெரியாததல்ல.

அப்படியும் நெனெத்ஸைப் பாருங்கள். 2016-லும் 2021-லும் நேரடித் தொகுதியில் ஐக்கிய ரஷ்யாவின் செர்கெய் கோட்கின் ஜெயித்தார். ஆனால் 2021-ல் அதே மக்கள் கட்சிப் பட்டியலில் கம்யூனிஸ்ட் கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாடு முழுவதிலும் அப்படி நடந்தது நான்கே இடத்தில்தான். ஆளுக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு என்று பிரித்துப் போடத் தெரிந்த ஜனங்கள்.

இதைவிடப் பெரியது 2020-ல் நடந்தது. அந்த வருஷம் மே மாதம் நெனெத்ஸை ஆர்க்காங்கெல்ஸ்க் மாகாணத்தோடு இணைக்கப் போவதாக இரு பகுதித் தலைமைகளும் அறிவித்தன. ஆர்க்காங்கெல்ஸ்க் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் உள்ள மாகாணம். எண்ணெய் வருமானத்தால் கிடைக்கும் சலுகைகள் போய்விடும், தங்கள் பேச்சு எடுபடாது என்று நெனெத்ஸ் மக்கள் எதிர்த்தார்கள். சரியாக அடுத்த மாதமே அரசியல் சட்டத் திருத்தத்துக்கு நாடு தழுவிய வாக்கெடுப்பு வந்தது. எல்லாப் பகுதிகளும் "ஆம்" என்றபோது "வேண்டாம்" என்று பெரும்பான்மையாகச் சொன்ன ஒரே இடம் நெனெத்ஸ், 55 சதவீதம். இணைப்புத் திட்டமும் நின்றுபோனது. ஏற்கனவே சேர்த்துவிட்டிருந்தால் இந்த ஓட்டுகள் பத்து லட்சத்தில் கரைந்திருக்கும், "வேண்டாம்" என்று சொன்ன ஊர் எது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. பதினைந்து மடங்கு எடை நியாயம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒரு பகுதி தன் பெயரில் தனியாக எண்ணப்படுவதே அதற்குப் பாதுகாப்பு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2008 மறுவரையறையில் சேரன்மகாதேவி சட்டமன்றத் தொகுதி போய்விட்டது. பி.எச். பாண்டியன் போல சட்டமன்றத் தலைவராக இருந்த ஒருவரை அனுப்பிய தொகுதி, இன்றைக்கு அம்பாசமுத்திரத்துக்குள் ஒரு பகுதி. திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியும் அதே கையோடு போனது. என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள், அங்கே மனு கொடுக்க எந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கட்டும். காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் இருக்கும் காணிக்குடியினரை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு வழியில் இறங்கி வந்து ஓட்டுப் போட்டாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதியில் அவர்கள் ஓட்டு எந்தப் பக்கம் போனது என்று எந்த வேட்பாளர் கவலைப்படுவார்? கடற்கரையில் இடிந்தகரை, கூட்டப்புளி, பெருமணல் ஊர்களுக்கும் இதே நிலைமைதான். திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் 2024 தேர்தலில் 16 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். கடலோர ஊர்களும் மலை ஊர்களும் அதற்குள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கைப் பலம் எதற்கும் இல்லை.

ஆகவே மறுவரையறை பற்றிப் பேசும்போது மாநிலத்துக்கு எத்தனை என்பதோடு நிற்காமல், மாநிலத்துக்கு உள்ளே எல்லை எப்படிப் போடப்படுகிறது, கடலோரமும் மலைப்பகுதியும் எந்தத் தொகுதியோடு ஒட்டவைக்கப்படுகின்றன என்பதையும் உங்கள் நிருபர்கள் தாலுகா தாலுகாவாக எழுத வேண்டும். வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்லக் கடைசித் தேதி எது, எங்கே கொடுக்க வேண்டும் என்பதை முதல் பக்கத்தில் போடுங்கள். 2008-ல் எங்கள் பக்கம் பலருக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

இன்னொன்று. டூமாவின் ஐந்தாண்டுக் கணக்குப்படி 2021-க்கு அடுத்த தேர்தல் 2026 செப்டம்பரில். அந்த முடிவுகளைப் போடும்போது மாஸ்கோ செய்தியோடு நார்யன்-மாரிலிருந்தும் நாலு வரி சேர்த்துப் போடுங்கள். கூடங்குளம் பக்கத்தில் அதைப் படிக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வள்ளியூர்.