ரசத்துக்கு உத்தரவாதம் தருகிறவர்களுக்கு

தாய்லாந்துக்குக் குழுவாக ஆட்களை அழைத்துப்போகும் நம்மூர் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன டிசம்பரில் உங்களில் ஒருவரோடு பாங்காக் போய்வந்த 36 பேரில் நானும் ஒருத்தி. அந்த ஒருவர் யார் என்று எழுதப்போவதில்லை. ஊர் திரும்பியபின், வேறு வேறு ஆட்களோடு போய்வந்த நாலைந்து தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். எல்லோரும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே கதை. அதனால் உங்கள் எல்லோருக்குமே எழுதுகிறேன்.

உங்கள் நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. 4 இரவு, 5 பகல். தமிழ் பேசும் வழிகாட்டி. மதியம் சாம்பார், ரசம், அப்பளம் நிச்சயம். சொன்னபடியே தந்தீர்கள், ரசமும் நன்றாகவே இருந்தது. ஆனால் படகுகளிலேயே கடை போடும் மிதக்கும் சந்தைக்குப் போன அன்று, படகில் எப்படிக் கால் வைப்பது, எங்கே உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சந்தை இருக்கும் டம்னோன் சதுவாக், பாங்காக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். விடியற்காலையில் எழுப்பி, பேருந்தில் தூங்கவிட்டு, படகுத்துறையில் இறக்கினீர்கள். என் அம்மாவுக்கு 67 வயது, படகில் ஏறுவது அன்றுதான் முதல் தடவை. பேருந்துப் படியில் கால் வைப்பதுபோலப் படகின் விளிம்பில் கால் வைத்தார். படகு சாய்ந்தது. படகோட்டி சட்டென்று கையைப் பிடித்து இழுத்துப் பலகையில் உட்காரவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார்.

ஒரு மூலையில் லைஃப் ஜாக்கெட்டுகள் குவியலாகக் கிடந்தன. கேட்டேன். "இது கடலா அக்கா? வாய்க்கால்தானே. போட்டோவுல அந்த ஆரஞ்சு கலர் அசிங்கமா இருக்கும்" என்றார் வழிகாட்டி. விடாமல் நின்றதால் என் ஏழு வயது மகனுக்கு ஒன்று கிடைத்தது, பெரியவர்கள் போடுகிற அளவில். அப்புறம் அவர் முதல் படகில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் ஐந்தாவது படகு.

அந்த வாய்க்காலைப் பற்றிப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1866-இல் மன்னர் மோங்குட் காலத்தில் வெட்டத் தொடங்கி, இரண்டு வருடத்தில் முடித்திருக்கிறார்கள். மே க்ளோங், தா சின் என்ற இரண்டு ஆறுகளையும் இணைக்கிற 32 கிலோமீட்டர் நீளம். துடுப்புப் போட்டுத் தோட்டத்துக் காய்கனி கொண்டுபோக ஏற்பட்ட வழி அது. இன்று அதில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் நீள்வால் படகுகளில் கார், லாரி இன்ஜின்களை மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினிலிருந்து நீளமான கம்பி பின்னால் போகிறது, அதன் நுனியில் விசிறி. ஓட்டுபவர் இன்ஜினையே திருப்பித்தான் படகைத் திருப்புகிறார். அப்போது அந்த விசிறியும் தண்ணீரில் ஒரு பெரிய அரைவட்டம் அடிக்கிறது. பக்கத்தில் துடுப்புப் படகில் ஒரு பாட்டி கொதிக்கும் குழம்போடு நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒரே வாய்க்காலில்.

சந்தைக்குள் நுழைந்ததும் இன்ஜின் சத்தம் அடங்கிவிடும், படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே நகரும். நெரிசல் நேரத்தில் படகிலிருந்து படகுக்கு நடந்தே போய்விடலாம்போல இருக்கும். எதிர்ப் படகு கிட்டே வரும்போது நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கையால் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அல்லது விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். அம்மா பிடித்துக்கொண்டார். இரண்டு படகுகளும் சேர்ந்தபோது நடுவில் அவர் விரல்கள். இரண்டு விரல் நசுங்கி, ஒன்றில் நகம் பெயர்ந்துவிட்டது. எதிர்ப் படகில் இளநீர் விற்ற பெண்மணிதான் ஐஸ் எடுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தார். ஏதோ சொல்லிக்கொண்டே தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காட்டினார். தாய்லாந்து மொழி தெரியாத எங்களுக்கே புரிந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புப் பாடம் அதுதான்.

உயிர் போகிற விஷயமா இது? இல்லைதான். ஆனால் அதே படகில் எங்கள் குழுவிலேயே மூன்று பேர் செல்ஃபிக்காக எழுந்து நின்றார்கள், மூன்று பேரும் ஒரே பக்கம். எனக்குத் தேக்கடி நினைவுக்கு வந்தது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி, முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதில் படகு சாய்ந்தது என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், அதுவும் ஆள் மிஞ்சிய படகுதான், இன்னொரு 22 பேர். இதையெல்லாம் செய்தியில் பார்த்து உச்சுக்கொட்டிய நாம்தான் அங்கே போய் "அஞ்சடித் தண்ணிதானே" என்கிறோம். நீச்சல் தெரியாதவர் தலைகுப்புற விழுந்து, புடவை காலில் சுற்றி, மேலே படகு நிற்கும்போது, ஐந்தடியா ஐம்பதடியா என்று யார் அளக்கப்போகிறார்கள்?

ஒகேனக்கல் பரிசல்காரரைப் பாருங்கள். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவார். "அக்கா நீங்க இந்தப் பக்கம், அண்ணே நீங்க எதிர்ல, நடுவுல யாரும் எந்திரிக்கக் கூடாது." அதிகாரமாகத்தான் சொல்வார், நாமும் பேசாமல் கேட்போம். லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் பரிசலில் ஏற்றவும் மாட்டார்கள். உங்கள் வழிகாட்டி அந்தப் பரிசல்காரர் அளவுக்குப் பேசினால் எனக்குப் போதும்.

பேருந்தில் பாட்டுப் போடுகிறீர்கள், அந்தாக்ஷரி நடத்துகிறீர்கள். துறை வருவதற்கு முன் இரண்டு நிமிடம் மைக்கை இதற்குக் கொடுங்கள். ஒவ்வொருவராக ஏறுங்கள், விளிம்பில் மிதிக்காமல் படகின் நடுவில் கால் வையுங்கள், ஒரு கை படகோட்டியின் கையில் இருக்கட்டும். ஏறியதும் உட்கார்ந்துவிடுங்கள், எடையுள்ளவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சேராதீர்கள். கை எப்போதும் படகுக்குள்ளே. எதிர்ப் படகைத் தள்ளுவது ஓட்டுபவர் வேலை. பின்னால் இன்ஜின் பக்கம் புடவைத் தலைப்பு, துப்பட்டா, குழந்தை எதுவும் போகக்கூடாது. படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்க வேண்டாம், படகையே பிடித்துக்கொண்டு இருங்கள், ஆள் வந்துவிடும். இவ்வளவுதான். நான் வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். புடவை கட்டியவர்கள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே மாட்டிக் கொக்கிகளைப் போட வேண்டும். ஊக்குக் குத்தித் தலைப்பை அதற்கு மேலே விரித்துவிட்டால் போட்டோவுக்கு அழகுதான், தண்ணீரில் விழுந்தால் அந்தத் துணிதான் முதலில் முகத்தை மூடும். குழந்தைக்குப் பெரியவர் அளவு ஆகவே ஆகாது. மாட்டிவிட்டு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். என் மகனுக்கு மூக்குவரை ஏறியது. முன்பதிவின்போது வயதும் எடையும் எழுதி வாங்குகிறீர்கள் அல்லவா? அதை அப்படியே அங்குள்ள படகுக்காரருக்கு முந்தின நாளே அனுப்பினால் அளவு பார்த்து எடுத்து வைக்கமாட்டாரா?

கடலுக்குப் போகிற நாளுக்கு இன்னொன்று. உங்கள் திட்டத்தில் பட்டயாவிலிருந்து கோ லான் தீவுக்கு ஸ்பீட் போட்டும் இருக்கிறது. அலையில் படகின் மூக்குப் பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள் பின்பக்கம் உட்கார வேண்டும். எங்கள் பயணத்தில் இளைஞர்கள் பின்னால் குளிர்பானம் குடித்துக்கொண்டு உட்கார, பெரியவர்கள் முன்னால் துள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வானிலை சரியில்லை என்றால் பயணத்தை ரத்து செய்யும் தைரியம் உங்களுக்கு வேண்டும். 2018 ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தின் புக்கெட் தீவுப் பக்கம் 'ஃபீனிக்ஸ்' என்ற படகு புயல்காற்றில் மூழ்கி 47 சீனச் சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கடல் மோசமாக இருக்கும் என்ற எச்சரிக்கை இருந்தும் போன படகு அது. எங்கள் குழுவைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், "காசு கட்டியாச்சு, போய்த்தான் ஆகணும்" என்று உங்களை நெருக்குவது பயணிகளாகிய நாங்களேதான். அதனால் வானிலையால் படகு ரத்தானால் அந்தப் பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கூடவே 1155 என்ற எண்ணையும் அச்சடியுங்கள். அது தாய்லாந்தின் சுற்றுலாக் காவல்துறை எண். அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் கையில் இருந்தது முதல் படகில் போய்விட்ட வழிகாட்டியின் எண் மட்டும்தான், அவரோ எடுக்கவில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டதால் சந்தையே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு படகில் பொமேலோ என்கிற பம்பளிமாஸ் பழத்தைச் சுளை சுளையாக உரித்து அடுக்கியிருந்த பெண்களை மறக்க முடியாது. இன்னொரு படகில் ஓர் அம்மாள் நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே ஒன்றில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுட்டுக்கொண்டிருந்தார். கனோம் க்ரோக் என்று பெயராம். என் அம்மா விரல் வலியையும் மறந்து "மாவு கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றார். நூடுல்ஸைப் பொறுத்தவரை சைவக்காரர்களுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், காய்கறி மட்டும் போட்டாலும் அதில் மீன் சாறு ஊற்றுவார்கள். "ஜே" என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும், முட்டைகூட இல்லாத சைவம் கிடைத்திருக்கும். பேரம் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தாய்லாந்துப் பணமான பாட் மட்டும் சில்லறையாகக் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் அடுத்த குழு சித்திரை விடுமுறைக்குக் கிளம்புகிறது என்று பேருந்து நிலையத்தில் போஸ்டர் பார்த்தேன். அதே படம்தான், படகில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு, இரண்டு பேர் எழுந்து நின்றுகொண்டு, லைஃப் ஜாக்கெட் ஒருவரிடமும் இல்லாமல். அந்தப் படத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். அம்மாவுக்கு நகம் முளைத்துவிட்டது. மாவு சரியான பதத்தில் கிடைக்கிற படகு ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும் என்கிறார், கண்டுபிடிக்க மறுபடியும் போக வேண்டுமாம். யாரோடு போவது என்பதை உங்கள் பதிலைப் பார்த்து முடிவுசெய்கிறோம்.

இப்படிக்கு,
ஐந்தாவது படகில் வந்தவள்