நாயோடு ஏறும் போர்டு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, மதுரையிலிருந்து வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் பெருகி மறுகால் பாயத் தொடங்கியதும் கடைக்கு வருகிறவர்களின் கேள்வியும் மாறிவிடும். கோடையில் கூடாரமும் தலைவிளக்கும் கேட்டவர்கள் இப்போது பேடில் போர்டு கேட்கிறார்கள், அதாவது நின்றபடியே துடுப்புப் போட்டுப் போகிற பலகை. விலையைக் கேட்ட கையோடு பலர் சொல்லிவிடுகிறார்கள்: "எங்க வீட்டு நாயும் கூட வரும்ங்க." போனில் அவசரமாகச் சொன்னால் பாதிதான் போய்ச் சேர்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டோம்.

முதலில் நாங்கள் செய்த தவறு. ஒருவருக்கு 72 கிலோ எடை. அவருடைய ராஜபாளையம் நாய் 28 கிலோ. ஆக 100. போர்டின் பெட்டியில் 120 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. இருபது கிலோ மிச்சம் இருக்கிறதே, சரி என்று கொடுத்துவிட்டோம். இரண்டே நாளில் திரும்பக் கொண்டுவந்தார். போர்டு மூழ்கவில்லை. ஆனால் கரையில் ஒரு கொக்கு எழும்பிப் பறக்க, நாய் சட்டென்று அந்தப் பக்கம் திரும்ப, இருவரும் தண்ணீருக்குள். இப்படி நான்கு முறை. அதற்கப்புறம் நாய் போர்டுப் பக்கமே வரவில்லை. போர்டை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அந்த நாய் இன்று வரை ஏறவில்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

பெட்டியில் போட்டிருக்கும் எடை, அசையாமல் கிடக்கும் சுமைக்கானது. சாக்கு மூட்டையை ஏற்றினால் அந்தக் கணக்கு சரியாக வரும். நாய் முன்னால் போகும், முகரும், உடம்பை உதறும், வலப்பக்கம் மீன் துள்ளினால் வலப்பக்கம் சாயும். அதனால் நாயோடு போகிறவர்கள் எடையை இரண்டாவதாகப் பாருங்கள், அகலத்தை முதலில் பாருங்கள். 32 அங்குலத்துக்குக் குறைந்த அகலத்தை நாயோடு போகிறவருக்கு இப்போது நாங்கள் விற்பதில்லை. லேப்ரடார், ராஜபாளையம் மாதிரி 25 கிலோவைத் தாண்டும் நாய் என்றால் 34 அங்குலம் எடுங்கள். வேகமாகப் போவதற்கென்று செய்த 28, 29 அங்குலப் போர்டுகள் பார்க்க அழகாக இருக்கும். அவை ஒருவர் தனியாக ஏறுவதற்கானவை.

நீளம் பத்தரை அடியிலிருந்து பதினொன்றரை அடி வரை இருக்கட்டும். நாய் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால்தான் நிற்கும், போர்டின் முன்முனை, அதாவது மூக்குப் பக்கம், அமிழும், நீங்கள் ஓர் அடி பின்னால் தள்ளி நின்று அதைச் சரிக்கட்ட வேண்டும். போர்டு குட்டையாக இருந்தால் பின்னால் போக இடம் இருக்காது. எடைக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம்: உங்கள் எடை, நாயின் எடை, தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகை, பெட்டியில் போட்ட எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 100 கிலோ என்றால் 150 கிலோ தாங்கும் போர்டு. நாய் இன்னும் குட்டியாக இருந்தால், வளர்ந்தபின் வரும் எடையைப் போட்டுக் கூட்டுங்கள்.

அடுத்து, காற்றடிக்கும் போர்டா, கெட்டிப் போர்டா? நாய்க்கு நாங்கள் காற்றடிப்பதைத்தான் சொல்வோம். நாய் வழுக்கி விழுந்தாலும் தாடை அடிபடாது, நகம் பட்டுக் கீறல் விழுந்தாலும் கெட்டிப் போர்டின் பூச்சு பெயர்வது மாதிரிப் பெயராது, சுருட்டிப் பையில் வைத்து மாடிவீட்டுக்குத் தூக்கிப் போகலாம். இது டியூப் மாதிரி உப்பிக்கொண்டு வராதா என்று கேட்பார்கள். வராது. மேல் துணியையும் கீழ் துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் 15 பி.எஸ்.ஐ. காற்று ஏறியதும் பலகை மாதிரி விறைத்துவிடும். தடிமன் மட்டும் 6 அங்குலம் இருக்க வேண்டும். 4 அங்குலப் போர்டு விலை குறைவு. ஆனால் முன்னால் நாய், பின்னால் நீங்கள் என்று இரண்டு இடத்தில் எடை இறங்கும்போது நடுவில் வளையும். வளைகிற தரையில் எந்த நாயும் நிம்மதியாக நிற்காது.

காற்று விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. காலையில் 15 அடித்து, போர்டைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், உள்ளே இருக்கும் காற்றின் சூடு 25 டிகிரி கூடினாலே அழுத்தம் 17-க்கு மேல் ஏறிவிடும். ஒட்டிய விளிம்பு விட்டுப்போவது இப்படித்தான். கரை ஏறியதும் நிழலில் போடுங்கள், நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

இனி, காற்றடிக்கும் போர்டுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் உண்மையான எதிரியைச் சொல்ல வேண்டும்: சீமைக் கருவேல முள். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களில் கரையோரமெல்லாம் அதுதான். வற்றியிருந்த நாளில் கண்மாய்க்குள்ளே முளைத்த செடியும் இப்போது தண்ணீருக்கடியில் நிற்கிறது. வெட்டிப்போட்ட கிளையில் காய்ந்த முள், ஊசி மாதிரி ஏறும். போர்டின் துணி தடிப்பானது, சும்மா உரசினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அடியில் முள் இருக்க, மேலே நூறு கிலோ இறங்கினால் ஓட்டைதான். எனவே கரையில் வைத்து ஏறாதீர்கள். போர்டைத் தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போய், மிதக்கவிட்டு, அங்கே நாயை ஏற்றுங்கள். கண்மாய்க்கென்று வாங்குகிறவர்கள் இரண்டு அடுக்குத் துணி உள்ள மாடலை எடுங்கள், கூடுதல் விலைக்குத் தகும். பஞ்சர் ஒட்டும் பெட்டி போர்டோடு வரும். அதில் பசை காய்ந்துவிடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நாயின் காலுக்கும் அதே முள்தான்: வீட்டுக்கு வந்ததும் நான்கு பாதத்திலும் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள்.

கண்மாயில் இன்னொன்று. போர்டுக்கு அடியில் மாட்டியிருக்கும் நடுத் துடுப்பு (ஃபின் என்பார்கள், கையில் பிடிக்கும் துடுப்பு இல்லை) 9 அங்குலம் வரும். பாசியும் ஆகாயத்தாமரையும் அதில் சுற்றிக்கொண்டு போர்டு நகராது. குட்டையான அடித் துடுப்பு தனியாகக் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போர்டின் மேல்தளம். நாய்க்கு இதுதான் எல்லாம். கால் ஊன்றுகிற இடத்தில் மெத்தை ஒட்டியிருக்கும், செருப்பில் வரும் ஈ.வி.ஏ. மாதிரியானதுதான். பல போர்டுகளில் இது நடுவில் மட்டும் இருக்கும், ஏனென்றால் மனிதர் நிற்பது அங்கே. மெத்தை முடிந்த இடத்திலிருந்து மூக்கு வரை வெறும் பி.வி.சி. அது நனைந்தால் சோப்புத் தடவின மாதிரி. நாய் நிற்பதோ அங்கேதான். எங்கள் கடைக்கு வந்த ஒரு சிப்பிப்பாறை நாய் இரண்டு கால் மெத்தையிலும் இரண்டு கால் வழுக்கலிலும் நின்றபோது, நகத்தை ஊன்றி ஊன்றிப் பார்த்து, பிடி கிடைக்காமல், தொடை நடுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறோம். அது பயந்த நாய் இல்லை, பிடி இல்லாத நாய். ஆகவே மெத்தை மூக்கு வரை போகும் போர்டைக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு மெத்தை வேண்டாம், வெயிலில் பாதம் சுடும். வெளிர் நிறம் எடுங்கள், ஏற்றுவதற்கு முன் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள்.

அப்புறம் மூக்குப் பக்கம் பை கட்டுவதற்காக எலாஸ்டிக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பார்கள். நாயோடு போகும்போது அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குதிக்கும்போது பின்னங்கால் அதில் மாட்டினால் எலும்பு முறியலாம். போர்டு வாங்க வருகிறவர்களில் யாரும் இதைக் கேட்பதில்லை, அதனால் நாங்களே சொல்கிறோம்.

நாய்க்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். "எங்க நாய் கிணத்துல நீந்தும்" என்பார்கள். நீந்தும். ஆனால் களைத்தபின் அதைப் பிடித்துத் தூக்க முதுகில் கைப்பிடி வேண்டுமே. அளவை எடையைப் பார்த்து வாங்காதீர்கள், நெஞ்சுச் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்குங்கள். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்கு நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டு. உடம்பில் கொழுப்பும் குறைவு, சீக்கிரம் குளிரும், மிதப்பும் குறைவு. நெஞ்சுக்குச் சரியாக இருக்கும் ஜாக்கெட் இடுப்பில் தொளதொளவென்று இருக்கும், வாரை இழுத்துச் சரிசெய்யக்கூடியதாகப் பாருங்கள். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கு இந்த விளையாட்டே யோசிக்க வேண்டியது. வெயிலிலும் ஓட்டத்திலும் அவற்றுக்கு மூச்சு வாங்குவது சாதாரண விஷயம் இல்லை.

நாயைப் போர்டோடு ஒருபோதும் கட்டாதீர்கள். போர்டு கவிழ்ந்தால் நாய் அடியில் மாட்டும். கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். போர்டோடு கட்டவேண்டியது உங்கள் காலைத்தான்.

பழக்குவதற்கு வீடே போதும். அடித் துடுப்பைக் கழற்றி, போர்டைக் கூடத்தில் போட்டு, ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் வையுங்கள். தானாக ஏறிப் படுக்க ஆரம்பித்தபின் நீங்களும் ஏறி முட்டி போட்டு உட்காருங்கள், துடுப்பை அசையுங்கள். தண்ணீரில் முதல் நாள் எழுந்து நிற்கவே வேண்டாம், பத்து நிமிடம் முட்டி போட்டே போய்வாருங்கள். விழ நேர்ந்தால் நாய் இருக்கும் பக்கம் விழாதீர்கள்.

எங்கே போவது? கண்மாய் என்றால் ஊர்க்காரர்களிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மரியாதைக்கு மட்டும் சொல்லவில்லை. வலை எங்கே கிடக்கிறது, எந்த மடை திறந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். திறந்த மடைக்கும், நிறைந்த தண்ணீர் மறுகாலாக வழிந்தோடும் கலுங்குக்கும் கிட்டே போகவே கூடாது, தண்ணீர் இழுக்கும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி மாதிரிப் பறவைகள் தங்கும் கண்மாய்களுக்கு நாயோடு போகாதீர்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாதவர்கள் வேட்டங்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள். வண்டியூர் தெப்பக்குளத்தில் விடலாமா என்றும் சிலர் கேட்டார்கள். தைத் தெப்பத்துக்கு மீனாட்சி எழுந்தருளும் குளம் அது, வேண்டாம்.

கடலுக்குப் போகிறவர்கள் மண்டபம், இராமேசுவரம் பக்கம் காற்றைப் பார்த்துப் போங்கள். ஆடி, ஆவணியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கியிருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை அடிக்கும்போது அப்படியே தலைகீழ். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கரையேறக் கூடாது.

கண்மாயானாலும் கடலானாலும் நாய்க்குக் குடிக்க வீட்டுத் தண்ணீர் எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும், அதிகமானால் உயிருக்கே ஆபத்து. தேங்கிய பச்சைத் தண்ணீரில் சில பாசிகள் நாய்க்கு விஷம். எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுவது நல்லது. ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் நாயைக் கடைக்குக் கூட்டி வாருங்கள். மொட்டை மாடியில் 32, 34 அங்குலப் போர்டுகள் இரண்டையும் காற்றடித்து, அடியில் பழைய டியூப் வைத்து ஆடுகிற மாதிரி போட்டிருக்கிறோம். உங்கள் நாய் எதில் உட்கார்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். எதிலுமே உட்காரவில்லை என்றால் இப்போது வாங்க வேண்டாம், ஒரு மாதம் கழித்து வாருங்கள். ஞாயிறு காலை கூட்டம் இருக்காது. வேறு நாய்கள் வந்தால் உங்கள் நாய் குலைக்குமா, கடிக்குமா என்று போனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் நேரம் ஒதுக்கித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்