வண்டி ஓட்டுகிறவரைத் தூங்க விடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து மெட்டல் இசைக்குழுத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கணபதியில் சவுண்ட் செட்டு வாடகைக்கு விடுகிறவன். கோயில் நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டுகிறேன். ஆனால் மனசு விரும்பிப் போவது கிடாரும் டிரம்ஸும் அதிர்கிற உங்கள் மெட்டல் கச்சேரிகளுக்குத்தான்.

போன மாதம் உங்களில் ஒரு குழு பெங்களூர் போய் வாசித்துவிட்டு வந்தது. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அந்தப் பயணத்தின் வீடியோ இப்போது எல்லோருடைய போனிலும் ஓடுகிறது. ஆறு நிமிடம். வேனுக்குள் தலைமுடியைச் சுழற்றி ஆட்டம். லாட்ஜ் மொட்டை மாடியில் பட்டாசு. அறை மெத்தையை வராந்தாவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் பீரை ஊற்றிச் சறுக்கல். கடைசியில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குகிற டிரைவர் அண்ணனின் காதோரம் டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பலைக் கொண்டுபோய் ஒரே அடி. அவர் பதறி எழுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அதோடு வீடியோ முடிகிறது.

அந்த வேனில் நானும் இருந்தேன். வீடியோ முடிந்த இடத்துக்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

சிம்பல் அடித்தபோது மணி மூன்று. காலை ஏழுக்குப் புறப்படுவது என்றுதான் பேச்சு. ஒரு தம்பிக்குத் திங்கட்கிழமை காலையிலேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் திடீரென்று உடனே கிளம்பலாம் என்று முடிவானது. அண்ணன் மறுபேச்சு பேசவில்லை. முகம் கழுவிவிட்டு வண்டியை எடுத்தார். கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டியாயிற்று. நீங்கள் எல்லோரும் நல்ல தூக்கம். முன் சீட்டில் உட்கார்ந்து அவரோடு பேச்சுக் கொடுத்திருக்க வேண்டிய நானும் கண்ணை மூடிவிட்டேன். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரியின் ஹாரன் சத்தத்தில்தான் விழித்தேன். வேன் இடப்பக்கத் தடுப்பை உரசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. அண்ணனும் அதே சத்தத்தில்தான் விழித்தார். எப்படியோ வண்டியை நிறுத்தினார். உங்களில் இரண்டு பேர் மட்டும் தலையைத் தூக்கி "என்னண்ணா ஆச்சு" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கினீர்கள்.

கணவாய் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கினோம். டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. "ஒண்ணுமில்லீங்ணா, ஒரு நொடி கண்ணு சொக்கிருச்சுங்" என்றார். அதையே நாலு தரம் சொன்னார். அடிக்கடி விபத்து நடக்கிற தொப்பூர் இறக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஆளுக்கு நம் கும்மாளமெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் பீளமேட்டில் ஒரு நண்பன் வீட்டில் பான்டெரா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் வீடியோ கேசட் ஒன்று சிக்கியது. நகலுக்கு நகல் எடுத்தது. சிவப்பு நிறம் திரையெங்கும் வழியும், பாட்டு நடுவில் இழுத்துக்கொள்ளும். அந்த டெக்சாஸ்காரர்கள் 1991, 1993, 1997 என்று மூன்று முறை தங்கள் கச்சேரிப் பயணங்களை வீடியோவாக வெளியிட்டார்கள். கிடாரிஸ்ட் டைம்பேக் டாரலின் கையில் கிடார் இல்லாத நேரத்தில் பெரும்பாலும் கேமரா இருக்கும். குடி, பட்டாசு, ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் சேட்டை, மேடைக்குப் பின்னால் ரசிகர்களோடு கூத்து. வீட்டுக்குப் போனால் அப்பாவின் அதட்டல், காலையில் வருகைப் பதிவேடு. அதற்கு நடுவே இப்படியும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று எங்களுக்குக் காட்டியது அந்தக் கேசட்தான். டேப் தேய்ந்து படம் தெரியாமல் போகிறவரை பார்த்தோம்.

2004 டிசம்பர் 8ஆம் தேதி, அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில், மேடையில் வாசித்துக்கொண்டிருந்த டாரலை ஒருவன் சுட்டுக் கொன்றான். வயது 38. அதற்குப் பிறகு அந்த வீடியோவைப் பார்த்தபோது பட்டாசும் பாட்டிலும் என் கண்ணில் படவே இல்லை. அவர் சிரிக்கிற சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. அதனால் கேமராவை மூடி வையுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எடுங்கள். நிறைய எடுங்கள்.

ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்து டூர் என்றால் இதுதான் என்று நாம் நம்பிவிட்டோம். மாதக்கணக்கில் சுற்றிய பயணத்தை ஒரே மாலையில் பார்த்து முடிக்கும்படி வெட்டி ஒட்டியது அது. வெட்டிப் போட்டதில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும், ஏனென்றால் இத்தனை வருடமாக என் வேலையே அந்த வெட்டிப் போட்ட பகுதியில்தான். உங்கள் பெங்களூர்ப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு விடிகாலை நாலு மணிக்குக் கோவையில் புறப்பட்டோம். மதியம் போய் இறங்கிப் பாக்ஸ், ஆம்ப், டிரம்ஸ் எல்லாம் இறக்கினோம். டிரைவர் அண்ணனும் தோள் கொடுத்தார், அது அவர் வேலையே இல்லை. சவுண்ட் செக் முடியும்வரை மீதிச் சாமானுக்குக் காவலாக வெயிலில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், கச்சேரி பத்துக்கு முடிந்தது. கேபிள் சுற்றி, பாக்ஸ் ஏற்றி, லாட்ஜுக்குப் போகும்போது மணி பன்னிரண்டரை. உங்களுக்கு மூன்று அறை போட்டிருந்தது. அவருக்கு அறை இல்லை. வேனிலேயே படுத்தார். உங்கள் பட்டாசு ஓய்ந்தது இரண்டு மணிக்கு. அவர் அசந்து தூங்கியது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

நாம் கும்பிடுகிற ஆட்களின் கதையிலும் இதே இருட்டு இருக்கிறது. 1986 செப்டம்பர் 27, விடிவதற்கு முன். ஸ்டாக்ஹோமில் கச்சேரி முடித்துவிட்டு மெட்டாலிகா குழுவின் பேருந்து கோபன்ஹேகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஸ்வீடன் நாட்டிலேயே சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பேஸ் கிடாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்பட்டார், பேருந்து அவர்மேல் விழுந்தது. வயது 24. எந்தப் படுக்கை யாருக்கு என்று சீட்டு எடுத்துப் பார்த்ததில் அன்று அந்த இடம் அவருக்கு வந்திருந்தது. சாலையில் உறைந்திருந்த பனியில் வண்டி வழுக்கியதாக ஓட்டுநர் சொன்னார். அந்தச் சாலையில் நடந்து தேடியும் பனியைக் காணவில்லை என்று குழுவின் பாடகர் ஹெட்ஃபீல்ட் பிற்பாடு சொன்னார். அடுத்த ஆண்டு கிளிஃப் நினைவாக ஒரு வீடியோ வந்தது. அதில் பெரும்பகுதி ரசிகர்கள் கூட்டத்தில் நின்று எடுத்த படங்கள். கை ஆடி, வெளிச்சம் போதாமல் எடுத்தவை. அவர் வாசிப்பதை இன்றைக்கு நாம் பார்க்க முடிகிறது என்றால் அந்த ரசிகர்களின் புண்ணியம்.

கிடாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் கதை இன்னும் கொடுமை. 1982 மார்ச் 19, ஃபுளோரிடாவில் லீஸ்பர்க் என்ற ஊர். ராண்டி வாசித்த, பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் குழுவுக்கு இரவெல்லாம் பேருந்து ஓட்டி வந்த ஓட்டுநர், காலையில் ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு குழுவினரை ஏற்றி விளையாட்டாகச் சுற்றிக் காட்டினார். பேருந்துக்குள் தூங்குகிறவர்களை எழுப்பும்படி தாழப் பறந்தார். இறக்கை பேருந்தில் பட்டு விமானம் நொறுங்கியது. ராண்டியும், குழுவில் வேலை பார்த்த ஓர் அம்மையாரும், அந்த ஓட்டுநரும் செத்துப் போனார்கள். ஓட்டுநரின் உடம்பில் கொக்கெய்ன் இருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. ராண்டிக்கு வயது 25. தூங்குகிறவனைத் திடுக்கிட வைப்பதில் ஒரு சந்தோஷம் அன்றும் இருந்திருக்கிறது.

அங்கே வரைக்கும் போவானேன்? 2020 பிப்ரவரி 20, நம் அவிநாசிப் பக்கம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தின்மேல் கன்டெய்னர் லாரி மோதி 19 பேர் இறந்தார்கள். அதுவும் விடிகாலை மூன்று மணிக்கு மேல்தான். லாரிக்காரர் கண் அயர்ந்துவிட்டார் என்றுதான் அன்று பேசினார்கள். நாம் வந்ததும் அதே பெங்களூர் வழிதான்.

பேட்டா கொடுத்துவிட்டோம், டிரைவர் வேலை என்றால் அப்படித்தான் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். தம்பி, அந்த வார்த்தை என்னை ரொம்ப வருத்தப்பட வைத்தது. 1961இலேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டபோது ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றுதான் எழுதினார்கள். வாடகை வேன்காரருக்கு அதை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்காததால் அவர் உடம்புக்குத் தூக்கம் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

மெட்டல் எங்கே பிறந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பிர்மிங்காம் நம் கோவை மாதிரி பட்டறை ஊர். பிளாக் சப்பாத் குழுவின் கிடாரிஸ்ட் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகடு வேலை செய்யும் ஃபேக்டரியில் இருந்தார். வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளில் மெஷின் அவருடைய வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துவிட்டது. கிடார் கம்பியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோலை ஒட்டி வாசித்தார். வலி தாங்காமல் மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு அவற்றைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். பிளாக் சப்பாத்தின் அந்தக் கனத்த சத்தம் அப்படி வந்தது. நம் கணபதியில், சிட்கோ தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினுக்கு விரல் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! உங்கள் அப்பாக்களில், சித்தப்பாக்களில்கூட இருப்பார்கள். உழைத்து அடிபட்ட கையிலிருந்து வந்த சங்கீதத்தை வாசித்துக்கொண்டு, உழைக்கிறவரின் காதில் சிம்பல் அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த மெத்தையும் அப்படித்தான். விடிந்ததும் அதைத் தூக்கிக் காயப் போட்டிருப்பவன் லாட்ஜில் வேலை செய்கிற ஒரு பையன்தான். உங்களைவிட இரண்டு மூன்று வயது சின்னவன்.

இங்கிலாந்தின் மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது நான் நடுக்கூட்டத்தில் நின்றிருந்தேன். அடுத்த ஆண்டு மும்பையில் தொடங்கி 45 நாளில் 23 கச்சேரி செய்தார்கள், அதையும் படம் எடுத்தார்கள். அவர்கள் பயணம் செய்த விமானத்தை ஓட்டியவர் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனே. அந்தப் படத்தில் ஓட்டுகிறவர் முன்னால் நிற்கிறார். சாமான் ஏற்றுகிறவர்களும் தெரிகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் குறைந்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை.

டிரைவர் அண்ணன் காங்கேயம் பக்கத்துக்காரர். சின்ன வயதிலிருந்தே கோயில் நோம்பிக்கு ஜமாப் மேளம் அடித்தவர், இது உங்களில் யாருக்காவது தெரியுமா? அன்று மேடையில், டிரம்ஸில் இரண்டு காலாலும் மிதிக்கிற டபுள் பெடல் வேகம் பிடித்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தத் தம்பி கால்லயே ஜமாப் அடிக்குதுங்ணா" என்று சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரத்தில் யார் கேமராவும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. போன வாரம் வீடியோவை அவருக்குக் காட்டினேன். சிம்பல் இடம் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்து கொச்சி போகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சரி, என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். செட்டு வாடகையில் இரண்டாயிரம் குறைத்துக்கொள்கிறேன், அது டிரைவருக்கான அறைக்கு. உங்கள் அறைகள் இருக்கும் மாடியில் வேண்டாம், கீழே சத்தம் கேட்காத அறையாகப் பாருங்கள். கச்சேரி முடிந்த இரவில் வண்டி நகரக் கூடாது. காலை எட்டுக்குத்தான் புறப்பாடு. வேலைக்குப் போக வேண்டியவர் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வரட்டும், இல்லையென்றால் ரயிலில் போகட்டும். இதற்கு ஒப்புக்கொள்கிற குழுவுக்குத்தான் இனி என் செட்டு வெளியூருக்கு வரும்.

பெங்களூர் போய் வந்த தம்பிகளே, அந்தக் கடைசிப் பத்து விநாடியை வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி கட்டாயம் போக வேண்டும். ஜமாப் அவர் வீட்டுத் திண்ணைமேல்தான் மாட்டியிருக்கிறது. கேட்டால் எடுத்து அடித்துக் காட்டுவார்.

அன்புடன்,
உங்கள் செட்டுக்கார அண்ணன்,
கணபதி, கோவை