தண்ணீர் பாட்டிலில் வந்த பழுப்பு நிறச் சாறு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதலில் ஓர் அவசர வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பையை இன்றே திறந்து பாருங்கள். தண்ணீர் பாட்டிலில் பழுப்பு நிறச் சாறு இருந்தால், யாரும் வாய் வைப்பதற்கு முன் அதை மண்ணில் ஊற்றிவிட்டு, பாட்டிலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வீட்டுச் செடிக்கு ஊற்றும் ஆசையில் சில பிள்ளைகள் அதை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அந்த ஆசையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பள்ளித் தோட்டத்தில் நாங்கள் தயாரிக்கும் இந்தச் சாற்றுக்குக் கம்போஸ்ட் தேநீர் என்று பெயர். பெயரில்தான் தேநீர். இது மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் திறந்து வைக்கிறோம். அதிலுள்ள குளோரின் ஆவியாகிப் போகாவிட்டால், நாம் பெருக்க நினைக்கும் நுண்ணுயிர்களையே அது அழித்துவிடும். மறுநாள், 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு உரத்தைத் துணியில் கட்டி உள்ளே இறக்குகிறோம். மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய பம்பு ஒரு நாள் முழுவதும் அதில் காற்றை ஊதுகிறது. மழை பெய்த மண்ணின் மணம் வந்தால் சாறு நன்றாக இருக்கிறது என்று பொருள். பம்பை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். மூடிய பாட்டிலில் காற்று தீர்ந்துபோய்ச் சாறு அழுகத் தொடங்கும். வாயு சேர்ந்து மூடி தெறிக்கவும் கூடும்.

சென்ற மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பள்ளியைப் பூட்டும்போது பம்பையும் சேர்த்து நானே அணைத்துவிட்டேன். திங்களன்று வாளி அழுகிய முட்டைபோல நாறியது. “இவ்வளவு பாடுபட்டோமே, ஊற்றிவிடலாமே” என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். மனம் கனத்தாலும் நான் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் உரக்குவியலிலேயே கொட்டினோம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நோய்க்கிருமி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலை. பச்சைச் சாணத்தை நாங்கள் தொடுவதில்லை. உரக்குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, கிளறிவிடப்பட்டு, முழுவதும் மட்கிய பிறகே எடுக்கிறோம். சர்க்கரைப்பாகு சேர்த்தால் சாறு வீரியமாகும் என்று பலர் சொல்வார்கள், ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற வயிற்றுநோய்க் கிருமிகள் உரத்தில் கொஞ்சம் தப்பியிருந்தாலும் அந்த இனிப்பில் அவையும் பெருகிவிடும் என்பதால் நான் அனுமதிப்பதில்லை. சாற்றை இலையில் தெளிக்காமல் வேரடியில் மட்டுமே ஊற்றுகிறோம். பச்சையாகத் தின்னும் கீரைப் பாத்திக்கு அதுவும் கிடையாது.

இதனால் செடி நோய் தீரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதனால் மூன்று தக்காளிப் பாத்திகள் போட்டிருக்கிறோம். ஒன்றுக்குச் சாறு, ஒன்றுக்கு உரம் மட்டும், ஒன்றுக்கு வெறும் தண்ணீர். பிள்ளைகள் வாரந்தோறும் உயரத்தை அளந்து குறிக்கிறார்கள். சாற்றுப் பாத்தி தோற்றாலும் அந்த அளவுகள் அப்படியே அறிவிப்புப் பலகைக்கு வரும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளும் உரத்தைக் கிளற வேண்டாம். அளக்கும் பொறுப்பை அவர்களுக்குத் தருகிறோம். அப்படி ஏதேனும் இருந்தால் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். கையில் காயம் இருக்கும் நாளில் கையுறை கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்