கொத்தமல்லியை முதலில் அரிந்து வை

சேலம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து கோழிக் குழம்பு வைக்கிறீர்களாம், கறியை எத்தனை தண்ணி கழுவணும் என்று கேட்டிருந்தாய். ஒரு தண்ணியும் வேண்டாம். இது உன் அம்மாவுக்குப் பிடிக்காத பதில், உனக்கும் பிடிக்காது. ஆனால் சரியான பதில் அதுதான்.

சால்மோனெல்லா கோழியின் குடலில் இருக்கிற கிருமி. அறுத்துச் சுத்தம் செய்யும்போது கறியில் ஒட்டிக்கொள்ளும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் அது போகாது, திவலையாகத் தெறித்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டில் போய் உட்காரும். மஞ்சள், உப்பு, எலுமிச்சை தேய்த்தால் கவிச்சி போகும், கிருமி சாகாது. மனசு கேட்கவில்லையென்றால் அகலமான போசியில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, துண்டுகளை அதற்குள்ளேயே மெதுவாக அலசி எடு. தண்ணீரை மெல்லச் சாய்த்துக் கொட்டு. பிறகு சிங்க்கை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ப்ளீச் கலந்து துடை. சோப்புதான் முதலில். கொழுப்பும் ரத்தமும் ஒட்டியிருந்தால் ப்ளீச்சின் வேலை அதிலேயே தீர்ந்துவிடும்.

குழம்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே கிருமி முடிந்தது. தளதளவென்று அரை மணி கொதிக்கிற குழம்பில் என்ன மிஞ்சும்? என் கவலையெல்லாம் இறக்கும்போது தூவுகிற கொத்தமல்லியும், தொட்டுக்கொள்ள அரிகிற வெங்காயமும்தான். கறி வெட்டிய அதே பலகை, அதே கத்தி. கை துடைத்த அதே கரித்துணி. வெங்காயம் அடுப்பில் ஏறுவதில்லை, நேராக இலைக்கு வருகிறது. அதனால் பச்சையாகச் சாப்பிடுவதை எல்லாம் முதலில் அரிந்து, மூடி, எட்ட வைத்துவிடு. கறி கடைசி.

மசாலா டப்பாவையும் பார்த்துக்கொள். கறி பிசைந்த கையோடு மூடியைத் திறந்து, அதே ஸ்பூனால் மிளகாய்த்தூளை அள்ளுவோம். காய்ந்த தூளில் இந்தக் கிருமி பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வேண்டிய தூளை முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொள். கறி தொட்ட கையை சோப்புப் போட்டு 20 வினாடி தேய்.

சிக்கன் 65 போட்டால் துண்டு சின்னதாக இருக்கட்டும். எண்ணெய் புகைகிற சூட்டில் பெரிய துண்டைப் போட்டால் மேலே சிவந்துவிடும், எலும்பை ஒட்டிப் பச்சையாக நிற்கும். நிறத்தை நம்பாதே.

முட்டைக்கு வருகிறேன். அரைவேக்காட்டில் எடுக்கிற கலக்கி உனக்கு உயிர் என்று தெரியும். ஆனால் கோழியின் சினைப்பையிலேயே கிருமி இருந்தால் அது ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடும். அந்த முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. நாமக்கல்லிலிருந்து இன்று காலையில் இறங்கிய முட்டையாக இருந்தாலும் இதேதான். மஞ்சள் கரு இறுகும்வரை வேக வை. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்ததற்கும் காரணம் இதுதான்.

நீ இருக்கிற ஏற்காடு குளிர் மலையூர்தானே என்று குழம்பை ராத்திரி மேடையிலேயே விட்டுவிடாதே. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமி பெருகக்கூடிய சூடு. உனக்கு ஸ்வெட்டர் கேட்கிற 18 டிகிரி அதற்குத் தாராளம். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை. குண்டாவோடு வைத்தால் நடுவில் ஆறவே ஆறாது. இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்று. மறுநாள் வெதுவெதுப்பாகச் சுட வைப்பது போதாது, கொதிக்க வேண்டும்.

கறியைச் சேலத்தில் வாங்கி பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக்கொண்டு போகாதே. அங்கேயே வாங்கு, மற்ற சாமான் எல்லாம் வாங்கிய பிறகு. ஃப்ரீஸரில் வைத்தாலும் கிருமி சாகாது, தூங்கும். உருக வைப்பது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், அடியில் ஒரு தட்டு வைத்து. மேல்தட்டில் வைத்தால் அந்த நீர் தயிரில் சொட்டும்.

மீறி யாருக்காவது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் ஓ.ஆர்.எஸ். கலந்து கொடு, பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில். போக்கை நிறுத்துகிற மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ நீயாக வாங்காதே. மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, மூன்று நாளாகியும் நிற்காதது, இதில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரிடம் போ.

ஊசி வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். தடித்த துண்டின் நடுவில், எலும்பில் படாமல் குத்திப் பார். சரியாகக் காட்டுகிறதா என்று கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதித்தால் ஏற்காட்டில் 100 வராது, 95 பக்கம் நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதே. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். முட்டையையும் இங்கே வேக வைப்பதைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக வை.

அன்புடன்
அப்பா