பூங்காச் சுவரில் இல்லாத மூன்று நாடகங்கள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வியன்னாவில் நீ வகுப்புக்குப் போகும் வழியில், ஃபோல்க்ஸ்கார்ட்டன் பூங்காவில் அமர்ந்திருக்கும் பளிங்குச் சிலை யாருடையது என்று கேட்டதற்கு, பள்ளியில் பாடமாக வைத்திருந்த பழைய நாடகாசிரியர் என்பதற்கு மேல் உடன் படிப்பவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். கடிதத்தின் கடைசியில், உன் நாடகத்தை அரங்கேற்ற மறுத்துவிட்டார்கள் என்றும் அதன் பிறகு நீ எதுவும் எழுதவில்லை என்றும் ஒரே வரியில் முடித்திருந்தாய். அதற்கு அறிவுரை எதுவும் எழுதப் போவதில்லை. சிலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவர் ஃபிரான்ஸ் கிரில்பார்ட்சர். 1791-இல் அந்த நகரத்திலேயே ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்து, 1872-இல் அங்கேயே மறைந்தவர். தந்தை 1809-இல் இறந்தபின் குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது; தம்பி ஒருவன் 1817-இல் டான்யூப் ஆற்றில் மூழ்கி உயிரை விட்டான்; இரண்டே ஆண்டுகளில் தாயும் தம் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டார். தம்பியை இழந்த அதே ஆண்டில்தான் ‘குலமூதாட்டி’ என்ற நாடகம் அவரை ஊரறியச் செய்தது. அடுத்த ஆண்டு ‘சாஃபோ’ வந்தது. புகழும் துக்கமும் ஒரே வாசல் வழியாக வந்த வீடு அது.

அவருடைய வயிற்றுப்பிழைப்பு அரசு வேலைதான். 1832 முதல் 1856 வரை நிதித்துறை ஆவணக் காப்பகத்துக்கு இயக்குநராக இருந்தார். அந்த அரசுதான் அவருடைய நாடகங்களைத் தணிக்கை செய்ததும். ‘ஒட்டோகர் மன்னனின் வாழ்வும் முடிவும்’ ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் எழுச்சியைப் போற்றும் நாடகம். அதையே தணிக்கை அலுவலகம் நெடுநாள் முடக்கி வைத்திருந்தது. உடல்நலமின்றி இருந்த பேரரசி படிக்க ஏதேனும் வேண்டும் என்று கேட்டபோது, அந்தக் கையெழுத்துப் பிரதி தற்செயலாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் 1825-இல் அது மேடை ஏறியது. 1828-இல் வந்த அடுத்த நாடகத்தையோ பேரரசர் தமக்கே விற்றுவிடும்படி கேட்டார். பாராட்டி வாங்குவதுபோல் வாங்கி, வேறு எவரும் பார்க்க முடியாமல் பூட்டி வைப்பதே நோக்கம். இப்படியொரு நாகரிகமான தடையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தயக்கம் அவருடைய பிறவிக்குணம். 1826-இல் ஜெர்மனியின் வைமாருக்குச் சென்றபோது, அங்கே வாழ்ந்த பெருங்கவிஞர் கேத்தே தம் கையைப் பிடித்து உணவு மேசைக்கு அழைத்துச் சென்றதும் அழுதுவிட்டார். பிறகு ஒரு மாலை தனியே வரும்படி கேத்தே அழைத்தும் அஞ்சிப் போகாமல் இருந்துவிட்டதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். காத்தி ஃப்ரோலிஷ் என்ற பெண்ணை நிச்சயித்தும் கடைசிவரை மணக்கவில்லை. முதுமையில் காத்தியும் அவள் சகோதரிகளும் இருந்த வீட்டிலேயே குடியிருந்தார். ஆனால் பிறர் மரணத்தின் முன் அவருடைய சொல் தயங்கியதில்லை. 1827-இல் இசைமேதை பேத்தோவனின் இறுதிச் சடங்கில் நடிகர் அன்ஷூட்ஸ் வாசித்த உரையும், அடுத்த ஆண்டு மறைந்த இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் கல்லறை வாசகமும் இவர் எழுதியவையே.

1838 மார்ச்சில் ‘பொய் சொல்பவனுக்குக் கேடு’ என்ற நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. பகைவரிடம் சிக்கிய, ஒரு கிறிஸ்தவ ஆயரின் உறவுப் பையனை, பொய்யே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையுடன் மீட்கப் போகிறான் ஒரு சமையல்காரப் பையன். தப்பி ஓடப் போகிறேன் என்று அவன் உண்மையைச் சொல்வதையே எதிரிகள் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். அன்று அரங்கம் சீழ்க்கையடித்து அதைக் கொன்றது. அத்துடன் அவர் புதிய நாடகம் எதையும் மேடைக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

இதைக் கோழைத்தனம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏனெனில் அவர் நிறுத்தியது கொடுப்பதைத்தான், எழுதுவதை அல்ல. அவர் மறைந்தபின் அவருடைய தாள்களில் ‘லிபுஸா’, ‘ஹாப்ஸ்பர்கில் உடன்பிறந்தார் பூசல்’, ‘டோலிடோவின் யூதப்பெண்’ என்று மூன்று முழு நாடகங்கள் இருந்தன. இரண்டாவதில் வரும் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், தாம் அசைந்தால் போர் மூளும் என்று அஞ்சி ஒன்றும் செய்யாமல் பிராகில் அமர்ந்திருப்பார். அசையாததாலும் கேடு வரும். தம் தயக்கத்தையே இவ்வளவு இரக்கமின்றி நிறுத்துப் பார்த்த எழுத்து, கைதட்டலை எண்ணி எழுதப்பட்டிருக்க முடியாது.

1889-இல் எழுப்பிய அந்த நினைவுச் சின்னத்தின் வளைந்த சுவரில், அவருடைய ஆறு நாடகங்களின் காட்சிகளைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. அடுத்த முறை போகும்போது நின்று பார்.

யோஹானஸ்காஸே தெருவில் அவர் பணிபுரிந்த கட்டடம் இப்போது இலக்கிய அருங்காட்சியகம். இயக்குநராக அவர் அமர்ந்திருந்த அறையை அப்படியே வைத்திருக்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்த மேசையின் இழுப்பறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுது. அம்மா உன் நாடகத்தின் பிரதி ஒன்றைக் கேட்கிறாள். எனக்கும் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா